மந்தர சுரத்தின் தந்திகள்
(பேஸ் கித்தார் தந்தி வளர்ந்த வரலாறு)

ஜூபிலி மலருக்குப் பாடற்குழுவைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். யார் எந்த ஆண்டில் பாடினார்கள், ஆர்மோனியம் வாங்கித் தந்தவர் யார் என்பன போன்ற செய்திகள் இம்மலரின் வேறு பக்கங்களில் வருகின்றன. நான் எழுத முன்வந்தது அதைவிடச் சிறியதொரு பொருள். ஆனால் சென்ற சில மாதங்களாக நம் பாடற்குழுவை இரண்டு கட்சியாகப் பிரித்து வைத்திருப்பதும் அதுவே.

நம் பேஸ் கித்தாருக்குப் புதுத் தந்திகள் வாங்க வேண்டும். எதை வாங்குவது? பல ஆண்டுகளாக அதை வாசித்து வரும் பெரியவர், "பேஸ் என்றால் மெத்தென்று 'தும் தும்' என ஒலித்தால் போதும், இருக்கிற தந்திக்கு என்ன குறை?" என்கிறார். இளைஞர்களோ, "அண்ணே, கடைசி பெஞ்சில் போய் நின்று பாருங்கள், ஒன்றுமே கேட்கவில்லை. கணீரென்று பேசும் தந்தி வேண்டும்" என்கிறார்கள். பொருளாளரின் கவலை வேறு: "கணீரென்று இருக்கட்டும், ஆனால் மாதந்தோறும் என்னிடம் வந்து நிற்காதீர்கள்." மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்த வழக்கு நம் பங்கை விடப் பழையது. பேஸ் கித்தாரை விடவும் பழையது என்று படிக்கப் படிக்க அறிந்தேன். அறிந்ததைப் பங்கு மக்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கித்தார் எவ்வாறு கோவிலுக்குள் வந்தது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, குழல் ஆர்கனுக்குரிய மதிப்பை விட்டுக்கொடுக்காமலேயே, வழிபாட்டுக்குத் தகுந்த பிற கருவிகளையும் ஏற்கலாம் என்று கதவைத் திறந்தது. அந்தக் கதவின் வழியே வந்த கித்தாரின் பின்னாலேயே பேஸ் கித்தாரும் வந்து சேர்ந்தது. உருவத்தில் அண்ணன், வயதில் தம்பி. நான்கே தந்திகள்: ஈ, ஏ, டி, ஜி. இவற்றுள் மிகத் தடித்த ஈ தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஏ 55, டி 73, ஜி 98 முறை. சாதாரணக் கித்தாரின் தடித்த தந்தி 82 முறை அதிர்வதால், பேஸ் கித்தார் அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே நிற்கிறது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. மீட்டிய தந்தி முழுத் தந்தியாக மட்டும் ஆடுவதில்லை. அதே நேரத்தில் பாதியாகவும், மூன்றில் ஒன்றாகவும், நான்கில் ஒன்றாகவும் ஆடுகிறது. ஈ தந்தியை மீட்டினால் 41-உடன் 82, 123, 165 என மேற்சுரங்களும் சேர்ந்தே எழுகின்றன. இந்த மேற்சுரங்கள் நிறைந்திருந்தால் ஒலி கணீரென்றிருக்கும், குறைந்திருந்தால் மழுங்கியிருக்கும். நம் கோவில் தூண்களில் மாட்டியுள்ள ஒலிபெருக்கிகளைப் போன்ற சிறிய பெட்டிகளால் 41 அதிர்வு கொண்ட ஒலியை உள்ளபடி எழுப்ப முடியாது. ஆயினும் 82, 123, 165 ஆகியவை காதில் விழுந்தால், நம் செவி தானாகவே அடியில் உள்ள 41-ஐயும் கேட்டதாக எடுத்துக்கொள்கிறது. இது செவியின் இயல்பு. ஆகவே மேற்சுரம் செத்த தந்தியை மாட்டிக்கொண்டு எவ்வளவு பலமாக வாசித்தாலும், மேடையில் நிற்பவருக்கு அதிர்வு கேட்கும். கடைசி பெஞ்சுக்கு என்ன சுரம் என்று தெரியாத ஒரு முனகல்தான் போய்ச் சேரும். கணீரென்ற ஒலி கேட்பது இளைஞர்களின் ஆடம்பரம் என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். இதை அறிந்தபின் என் எண்ணம் மாறிற்று.

தந்தியின் இலக்கணத்தை முதன்முதலில் ஒழுங்காக எழுதி வைத்தவர்களுள் முக்கியமானவர் ஒரு குருவானவர். அவர் பெயர் மரின் மெர்சேன். 1588-இல் பிரான்சில் பிறந்து, பவுலா நகர் புனித பிரான்சிஸ் நிறுவிய மினிம் சபையில் சேர்ந்து, பாரிஸ் மடத்தில் வாழ்ந்து 1648-இல் மறைந்தார். 1636-இல் அவர் வெளியிட்ட பெரிய இசைநூலில் தந்தியின் விதிகள் உள்ளன. நீளத்தை இரு மடங்காக்கினால் சுரம் ஒரு ஸ்தாயி இறங்கும். நீளமும் இழுப்பும் மாறாதிருக்க, தந்தியின் எடையை நான்கு மடங்காக்கினாலும் ஒரு ஸ்தாயி இறங்கும். இழுப்பைக் காலில் ஒரு பங்காகக் குறைத்தாலும் அவ்வாறே.

பேஸ் தந்தியின் தொல்லைகள் யாவும் இந்த விதிக்குள் அடங்கியிருக்கின்றன. மந்தர சுரம் வேண்டுமென்றால் தந்தியை நீட்டலாம். ஆனால் மனிதக் கைக்கு ஓர் எல்லை உண்டு. தளர்த்தலாம், தளர்த்தினால் துணி காயப்போடும் கொடி போலத் தொங்கும். மீதியுள்ள வழி எடையைக் கூட்டுவது, அதாவது தடிப்பாக்குவது. தடித்த தந்தியோ விறைத்துப் போகும். விறைத்த தந்தியில் மேற்சுரங்கள் ஒழுங்காக எழா. எழுந்தாலும் இடம் தவறி எழுந்து உடனே அடங்கிவிடும்.

அக்காலத்தில் மேலை நாட்டில் வயலின், லூட் முதலிய கருவிகளுக்கெல்லாம் ஆட்டுக் குடல் தந்திதான். பூனைக் குடல் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் ஒன்று அதற்கு இருந்தாலும், பூனைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நம் முன்னோரும் யாழின் தந்தியை நரம்பு என்றே அழைத்தார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். புதுக்குடலைக் கழுவி, சுரண்டி, காரநீரில் ஊறவைத்து, பல இழைகளைச் சேர்த்து முறுக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்து, தேய்த்து மெருகிடுவார்கள். நாற்றம் பிடித்த, பொறுமை வேண்டிய தொழில். மெல்லிய குடல் தந்தி இனிமையாகப் பாடும். மந்தர சுரத்துக்காகக் கயிறு போல் முறுக்கிய தந்தியோ தொப்பென்று ஒலித்து அடங்கும். ஈரக்காற்று பட்டால் சுருதி கலையும். இழை பிரிந்தால் அறும்.

இதற்கு ஒரு மாற்று 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிறந்தது. லண்டனில் இசைநூல்களை அச்சிட்டு வந்த ஜான் பிளேஃபோர்டு என்பவர் 1664-இல், குடல் அல்லது பட்டு இழையின் மேல் மெல்லிய கம்பியைச் சுற்றிச் செய்த புதுவகைத் தந்தி வந்திருப்பதாக அறிவித்தார். கேட்கச் சிறிய செய்திதான். ஆனால் இன்றைய பேஸ் தந்தி முழுவதும் அதற்குள் இருக்கிறது. நடுவில் இருக்கும் உட்கம்பி மெல்லியதாகவே இருந்து வளைந்து கொடுக்கிறது. மேலே சுற்றிய கம்பி சுருள் போல இருப்பதால் விறைப்பைக் கூட்டாமல் எடையை மட்டும் கூட்டுகிறது. எடையும் கிடைத்தது, மேற்சுரமும் பிழைத்தது.

இத்தொழிலில் பேர்பெற்ற ஊர்களில் ஒன்று இத்தாலியின் அப்ரூட்சோ மலைநாட்டில் உள்ள சாலே. ஆடுகள் மலிந்த நாடு; ஆகவே குடலுக்குக் குறைவில்லை. அவ்வூரில் 1680-ஆம் ஆண்டின் ஞானஸ்நானச் சான்று ஒன்றில், தொனாத்தோ தத்தாரியோ என்பவரின் தொழில் 'கொர்தாரோ', அதாவது தந்தி செய்பவர், என்று எழுதப்பட்டிருக்கிறது. முன்னூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு குடும்பத்தின் தொழில் வரலாறு அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்குகிறது. பதிவேட்டில் தொழிலையும் சேர்த்து எழுதிவைத்த அந்தப் பங்குக் குருவானவர் தாம் என்ன செய்கிறோம் என்று எண்ணியிருக்கமாட்டார். நம் பங்கின் பழைய பதிவேடுகளைப் பூச்சி அரிக்காமல் காக்க வேண்டும் என்று அடிக்கடி சொல்லப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகட்டும்.

அக்குடும்பத்தில் வந்த கார்மினே தத்தாரியோ, 1905-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கா சென்று நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில் குடியேறினார். முதலில் ஊரிலிருந்து வந்த தந்திகளை விற்றார். பின்னர் தாமே செய்யத் தொடங்கினார். பழைய சாலே ஊர் 1933-இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் சிதைந்து, மக்கள் வேறிடத்தில் புது ஊர் அமைத்துக்கொண்டார்கள். தொழில் மட்டும் கடல் கடந்து பிழைத்தது. இன்று கித்தார்க் கடைகளில் டாடாரியோ என்று நாம் படிக்கும் பெயர் அந்தக் குடும்பப் பெயரே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலான் வந்து குடல் தந்தியைப் பெரும்பாலும் ஓரங்கட்டியது தனிக் கதை. பேஸ் கித்தாருக்கு அது வேண்டியதில்லை.

பேஸ் கித்தாருக்கு வருவோம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டுட்மார்க் என்பவர் 1930-களிலேயே மின்சார பேஸ் ஒன்றைச் செய்து பார்த்தார், அது பரவவில்லை. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' தான் உலகெங்கும் பரவியது. அதுவரை மந்தர சுரத்துக்கு ஆள் உயரமுள்ள டபுள் பேஸ்தான். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. மற்ற கருவிகளின் இரைச்சலில் அது கேட்பதும் அரிது. ஃபெண்டர் 34 அங்குலத் தந்தி நீளத்தில், தோளில் மாட்டிக்கொள்ளும் கருவியாக அதைச் சுருக்கினார். வீணையில் மெட்டு என்கிறோமே, அதுபோன்ற ஃப்ரெட்டுகளைப் பதித்தார். விரல் வைத்த இடத்தில் சுரம் துல்லியமாகப் பேசும் என்பதால்தான் 'துல்லியம்' என்று பொருள்படும் அப்பெயர். அந்த 34 அங்குலமே இன்றுவரை பெரும்பாலான பேஸ் கித்தார்களின் அளவு.

மெர்சேன் குருவானவரின் கணக்கு இங்கே மறுபடி எழுந்தது. டபுள் பேஸின் தந்தி 40 அங்குலத்துக்கும் மேல். இங்கே 34 தான். அதே சுரம் வேண்டும். மேலும், மின்சாரக் கருவியில் ஒலியைப் பிடிப்பது பிக்-அப் என்னும் காந்தம். குடல் தந்தி காந்தத்துக்கு அசையாது. ஆகவே எஃகு உட்கம்பியின் மேல் காந்தத்துக்குக் கட்டுப்படும் உலோகத்தைச் சுற்றிய தந்தி தேவைப்பட்டது. முதற்காலத்தில் வந்தது ஃபிளாட்வவுண்ட் எனப்படும் தட்டைச் சுற்றுத் தந்தி. சுற்றும் கம்பி நாடா போலத் தட்டையாக இருப்பதால் தந்தியின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். விரல் தேய்க்கும் ஓசை வராது, ஃப்ரெட் தேயாது, இடுக்கு இல்லாததால் வியர்வையும் அழுக்கும் உள்ளே புகுவது குறைவு. பல ஆண்டுகள் உழைக்கும். டபுள் பேஸ் வாசித்துப் பழகியவர்களுக்கு அந்த மெத்தென்ற ஒலி பிடித்தும் இருந்தது.

நம் பெரியவரின் கட்சிக்கு இங்கேதான் பலமான சாட்சி கிடைக்கிறது. டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனத்தில் 1960-களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், லா பெல்லா நிறுவனத்தின் தடித்த தட்டைச் சுற்றுத் தந்திகளைத் தம் ஃபெண்டர் பேஸில் மாட்டினார். அந்த லா பெல்லாவும் இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய தந்திக் குடும்பம் ஒன்றினுடையதே. அறுந்தாலொழிய அவர் தந்தியை மாற்றமாட்டார் என்பார்கள். போதாக்குறைக்கு, பாலத்தின் மூடிக்கு அடியில் பஞ்சு ரப்பரை வைத்துத் தந்தியை இன்னும் அடக்கினார். வாசித்ததோ பெரும்பாலும் ஆள்காட்டி விரல் ஒன்றினால்! அந்த மழுங்கிய தந்தியில் அவர் காட்டிய சுர வேலைப்பாட்டை இன்றும் உலகெங்கும் பேஸ் வாசிப்போர் பாடமாகப் பயில்கிறார்கள். இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் நெடுங்காலம் அச்சிடப்படவில்லை; 1983-இல் அவர் இறந்தபோதும் அவர் யாரென்று அறிந்தவர் சிலரே.

இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. ஜேமர்சன் வாசித்தது ஒலிப்பதிவுக் கூடத்தில். கருவியின் ஒலி பதிவுப் பலகைக்கே போயிற்று. நம்முடையதோ எதிரொலிக்கும் உயர்ந்த கூரையும் தூண் ஒலிபெருக்கியும். அவர் தந்தி அங்கே பாடிற்று என்பதற்காக இங்கேயும் பாடும் என்று சொல்வதற்கில்லை.

இளைஞர் கட்சியின் சாட்சி இங்கிலாந்தில் இருக்கிறார். 'தி ஹூ' என்னும் ராக் இசைக்குழுவில் பேஸ் வாசித்தவர் ஜான் என்ட்விசில். மற்ற மூவரும் எழுப்பும் பேரிரைச்சலில் தம் சுரம் கேட்க வேண்டுமே என்பது அவர் கவலை. 1965-இல் 'மை ஜெனரேஷன்' என்ற பாட்டைப் பதிவு செய்யும்போது, அதில் பேஸ் கித்தார் தனியாகப் பேசும் இடம் ஒன்று வைத்தார்கள். டேன்எலெக்ட்ரோ என்னும் அமெரிக்கக் கித்தாரில் இருந்த மெல்லிய தந்தியின் கணீர் ஒலி அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் தந்தி அறுந்தது. மாற்றுத் தந்தி லண்டனில் கிடைக்கவில்லை. ஒரு தந்திக்காக இன்னொரு கித்தாரையே வாங்கினார்! அதுவும் அறுந்தது, மூன்றாவதும் வாங்கினார். கடைசியில் கடையில் கித்தாரே தீர்ந்துபோய், வேறொரு ஃபெண்டர் கித்தாரில் வாசித்து முடித்தார் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நம் பொருளாளர் இந்தப் பத்தியை இருமுறை படிக்க வேண்டுகிறேன்.

அக்காலத்தில் கென்ட் மாவட்டத்தில் ஜேம்ஸ் ஹவ் என்னும் பொறியாளர் தந்தித் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தார். 1949-இல் வெளியான 'தி தேர்ட் மேன்' என்ற திரைப்படத்தில் வரும் ஸிதர் என்னும் பல தந்திக் கருவியின் இசையில் மயங்கி, அக்கருவிக்குத் தந்தி செய்ய முயன்று இத்தொழிலுக்கு வந்தவர் அவர். அவருடைய தந்திகளின் பெயர் ரோட்டோசவுண்ட். 1966-இல் என்ட்விசில் அவரிடம் சென்று தம் குறையைச் சொன்னார். பலமுறை சுற்றிப் பார்த்து, மீட்டிப் பார்த்து, உருண்டைக் கம்பியை எஃகு உட்கம்பியின் மேல் சுற்றிய 'ஸ்விங் பேஸ்' தந்தி உருவாயிற்று. இதுவே ரவுண்ட்வவுண்ட் எனும் உருட்டுச் சுற்று. இந்த வகைத் தந்தி அதற்கு முன் இல்லாமல் இல்லை. ஆனால் பேஸ் கித்தாருக்கு இதுதான் தந்தி என்று உலகம் ஏற்றுக்கொண்டது இதன்பின்தான். சுற்று, நாம் எவர்சில்வர் என்று சொல்லும் துருவேறா எஃகு. பியானோவின் கீழ்ச் சுரம் போலக் கணீரென்று, உறுமலும் சேர்ந்து ஒலித்தது.

இந்தத் தந்தியின் புகழை உச்சிக்குக் கொண்டு சென்ற மற்றொருவர் ஜாக்கோ பஸ்டோரியஸ். பேஸ் கித்தார் பிறந்த அதே 1951-இல் பிறந்தவர்; ஃபுளோரிடாவில் புனித கிளமெண்ட் கோவிலில் பீடச் சிறுவராகப் பூசைக்கு உதவியவர். (நம் பீடச் சிறுவர்கள் பூசை முடிந்ததும் பாடற்குழு மேடைக்கு ஓடிவந்து கித்தாரைத் தொட்டுப் பார்க்கிறார்கள் என்று திட்டுவோர் இதைக் கவனிக்க.) ஃப்ரெட்டே இல்லாத பேஸில் அவர் ரோட்டோசவுண்ட் உருட்டுச் சுற்றுத் தந்தியை மாட்டினார். அந்த எஃகுச் சுற்று அரம் போல விரற்பலகையின் மரத்தைத் தின்னத் தொடங்கவே, படகுக்குப் பூசும் எப்பாக்ஸி பிசினைப் பலகையின் மேல் பூசிக் கடினமாக்கினார். 1976-இல் வெளியான அவருடைய முதல் இசைத்தட்டில், பேஸ் கித்தார் மனிதக் குரல் போலப் பாடுவதைக் கேட்கலாம். 1987-இல் தம் 35-ஆம் வயதில் மறைந்தார்.

ஆனால் கணீரென்ற ஒலிக்கு ஒரு விலை இருந்தது. உருண்டைக் கம்பியைச் சுற்றும்போது சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் பள்ளம் விழுகிறது. விரலின் வியர்வை, எண்ணெய், தோல் தூள் எல்லாம் அந்தப் பள்ளத்தில் போய்த் தங்கி, தந்தியின் நுண்ணிய ஆட்டத்தை, அதாவது மேற்சுரங்களை, முதலில் அமுக்குகின்றன. வியர்வையின் உப்பு உலோகத்தையும் அரிக்கிறது. நம்மைப் போன்ற கடலோரப் பங்கில் உப்பைக் காற்றே கொண்டுவந்து கொடுக்கிறது. தந்தி அறுவதில்லை, சுருதியும் ஓரளவு நிற்கிறது, ஆனால் சில வாரங்களில் அதன் குரல் போய்விடுகிறது. என்ட்விசிலைப் போன்ற பெரும் இசைஞர்கள் அடிக்கடி புதுத் தந்தி மாட்டினார்கள். காசில்லாதவர்கள் பழைய தந்தியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்தார்கள்.

இந்த வித்தையை நானும் செய்து பார்த்தவன். பல ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்மஸ் நள்ளிரவுப் பூசைக்கு முந்தின நாள், குருவானவர் இல்லத்துச் சமையலறையில் அனுமதி கேட்டு நான்கு தந்திகளையும் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தேன். சமையல் செய்யும் அக்கா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கம்பியிலயா இடியாப்பம் பிழியிறீங்க?" என்றார். துடைத்து மாட்டினேன். பூசையில் அற்புதமாக ஒலித்தது. புத்தாண்டுப் பூசைக்குள் பழையபடி செத்தது. மூன்று ராஜாக்கள் திருநாளன்று, உள்ளே தங்கிய ஈரத்தால் துருவேறிய ஏ தந்தி, காணிக்கைப் பாடலின் நடுவில் படீரென்று அறுந்தது. முன் வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. அந்தப் பாத்திரத்தையும் அக்கா அதன்பின் சமையலுக்கு எடுக்கவில்லை. கொதிக்க வைப்பதைவிடத் தூய சாராய திரவத்தில் ஊறவைத்துக் காயவிடுவது மேல் என்று இப்போது சொல்கிறார்கள்; ஈரம் தங்காது. இதுவும் தற்காலிகமே.

உலோகத்தை மாற்றிப் பார்க்கும் வழியும் இருந்தது. தூய நிக்கல் சுற்று, விரலுக்கு இதமாகவும் ஒலிக்கு மென்மையாகவும் இருக்கும். நிக்கல் முலாம் பூசிய எஃகு நடுத்தரம். இன்று மிகுதியாக விற்பது இதுவே. துருவேறா எஃகு மூன்றிலும் கணீரென்றது. துருவையும் நன்றாகத் தாங்கும். ஆனால் பிடிக்கும்போது சொரசொரப்பு. ஃப்ரெட்டையும் விரைவில் தேய்க்கும். எஃகு துருப்பிடிக்காவிட்டாலும் பள்ளத்தில் அழுக்குச் சேர்வதை அது தடுப்பதில்லை என்பதைக் கடைக்காரர்கள் சொல்லமாட்டார்கள்.

அடுத்த திருப்பம் இசைக்குச் சம்பந்தமில்லாத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் டபிள்யூ. எல். கோர் என்றொரு நிறுவனம் இருக்கிறது. சமையல் பாத்திரத்தில் ஒட்டாமலிருக்கப் பூசுகிறார்களே டெஃப்ளான், அப்பொருளை 1969-இல் பாப் கோர் சட்டென்று இழுத்து நீட்டியபோது, நுண்துளைகள் நிறைந்த மெல்லிய சவ்வாக அது மாறக் கண்டார்கள். மழை அங்கிகளில் அது பயன்பட்டது. அந்நிறுவனத்துப் பொறியாளர் டேவ் மையர்ஸ், தம் சைக்கிளின் கியர் கம்பிகளில் அப்பொருளைப் பூசி அழுக்குச் சேராமல் காத்தார். பின்னர் பெரிய பொம்மைகளை ஆட்டுவிக்கும் மெல்லிய கம்பிகளுக்கான முயற்சியில் கித்தார் தந்திகளை எடுத்துப் பூசிப் பார்த்தபோது, 'இதையே கித்தாருக்குப் போட்டால் என்ன?' என்ற எண்ணம் பிறந்ததாம். கித்தார் வாசிக்கத் தெரிந்த உடன்பணியாளர்களோடு சேர்ந்து உழைத்து, 1997-இல் எலிக்ஸிர் என்ற பெயரில் பூச்சுத் தந்திகளை வெளியிட்டார்கள். பேஸ் கித்தாருக்கும் அவை வந்தன. டாடாரியோ முதலிய மற்ற நிறுவனங்களும் தத்தம் முறையில் பூச்சுத் தந்திகளைக் கொண்டுவந்தன.

சவ்வு தந்தியைச் சுற்றிலும் மூடியிருப்பதால் பள்ளத்துக்குள் அழுக்குப் போவதில்லை. தட்டைச் சுற்றுக்கு இருந்த அந்த நன்மை, உருட்டுச் சுற்றுக்கும் இவ்வாறு கிடைத்தது. முதலில் வந்த பூச்சு சற்றுத் தடிப்பு. மாட்டிய அன்றே கணீர் ஓசையில் சிறிது குறைந்தது, நாளடைவில் நூல் நூலாக உரிந்தும் வந்தது. பின்னர் மிக மெல்லிய பூச்சு வந்து அக்குறை பெரிதும் நீங்கிற்று. விலை சாதாரணத் தந்தியைவிடக் கணிசமாகக் கூடுதல். ஆனால் பல மடங்கு காலம் குரல் நிற்கிறது. இன்றைக்கும் நாள்தோறும் புதுத் தந்தி மாட்டும் வசதியுள்ளவர்கள் பூச்சில்லாத எஃகையே விரும்புவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை.

பாடற்குழுக் கூட்டத்தில் இவ்வளவையும் நான் சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது; இருவர் தூங்கியும் விட்டார்கள். பூச்சு உள்ள துருவேறா எஃகு உருட்டுச் சுற்று, 34 அங்குல அளவு, 45 முதல் 105 வரையிலான தடிப்பு என்று முடிவாயிற்று. இந்த எண்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு. எனக்கு நிக்கல் முலாமே போதும் என்று தோன்றிற்று. ஃப்ரெட் தேய்ந்தால் அதை மாற்றுவது தந்தி வாங்குவதைவிடப் பெருஞ்செலவு. ஆனால் நம் கூரையும் ஒலிபெருக்கியும் மாறப்போவதில்லை என்பதால் இளைஞர் சொன்னதற்கு இசைந்தேன். பொருளாளர் இரண்டு நாள் கழித்து இசைந்தார்.

மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீளம் மிஞ்சுகிறதென்று தந்தியை நேராக வெட்டிவிடாதீர்கள். முதலில் முறுக்காணியின் அளவுக்குப் பார்த்து, வெட்ட வேண்டிய இடத்துக்கு உள்ளாக நன்றாக மடக்கிவிட்டு, மடக்கின இடத்துக்கு அப்பால் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் சுற்றுக் கம்பி உட்கம்பியின் மேல் தளர்ந்துவிடும்; புதுத் தந்தியும் மாட்டிய அன்றே செத்தது போல ஒலிக்கும். ஒவ்வொரு தந்தியும் ஏறத்தாழ 40 பவுண்டு இழுவையில் நிற்பதால், நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுவது கழுத்துக்கு நல்லது. வாசிக்குமுன் கை கழுவுங்கள். வாசித்தபின் உலர்ந்த துணியால் துடைத்து உறையில் வையுங்கள். பெருவிழா விருந்தில் பிரியாணி சாப்பிட்ட கையோடு மேடையேறுகிறவர்களுக்கு எந்தப் பூச்சும் உதவாது.

புதுத் தந்திகள் சென்ற மாதம் வந்து சேர்ந்தன. முதல் ஞாயிறு இரண்டாம் பூசையில் நான் மேடையை விட்டு இறங்கிப் போய்க் கடைசி பெஞ்சில் அமர்ந்து கேட்டேன். வருகைப் பாடலில் பேஸ் கித்தார் எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்கு இறங்குகிறது என்பது அங்கே தெளிவாகக் கேட்டது. பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "கேட்கிறது, கேட்கிறது, கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறது" என்றார். கழற்றிய பழைய தந்திகளை அவர் எறியவிடவில்லை. துடைத்து, வட்டமாகச் சுற்றி, காகித உறையில் போட்டு, 'ஈ, ஏ, டி, ஜி' என்று மேலே எழுதி, சங்கீஸ்து அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறார்.